அண்ணா நகர் யாருடைய கழனி?

கோபுரத்துநிழல்
நேற்று ஒரு நண்பர், சென்னையில் ஒழுங்காகத் திட்டம் போட்டுக் கட்டிய ஒரே ஒரு பகுதியைக் காட்டு பார்க்கலாம் என்று சவால் விட்டார். யோசிக்கவே இல்லை, அண்ணா நகர் என்றேன். 1968 ஜனவரியில் உலக வர்த்தகப் பொருட்காட்சிக்காக அந்த இடத்தைத் தயார் செய்தார்கள். 135 அடி உயர விஸ்வேஸ்வரய்யா கோபுரமும் அப்போதுதான் எழுந்தது. அதன்பின் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து அகலமான அவென்யூக்கள், பூங்காக்கள், பள்ளிக்கு இடம், கடைக்கு இடம் என்று எல்லாவற்றையும் முதலிலேயே ஒதுக்கி வைத்தது. எச்ஐஜி (உயர்), எம்ஐஜி (நடுத்தர), எல்ஐஜி (குறைந்த) என மூன்று வருமானப் பிரிவுக்கும் வீடு. என் அப்பா குமாஸ்தா. குலுக்கலில் எல்ஐஜி வீடு விழுந்தது, மாதத் தவணை கட்டிக் கட்டிப் பல வருடம் கழித்துத்தான் விற்பனைப் பத்திரம் கைக்கு வந்தது. அந்தப் பத்திரத்தை அம்மா சாமி படத்துக்கு முன்னால் வைத்து அழுததை நான் பார்த்திருக்கிறேன். இப்படி இன்னொரு நகரை ஏன் நம்மால் கட்ட முடியவில்லை? அதுதான் என் கேள்வி.

கழனிவாசல்
அண்ணே, உங்கள் அம்மா அழுததை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே மண்ணுக்காக இன்னொரு வீட்டிலும் அழுதார்கள், அதையும் இங்கே எழுத வேண்டும். பொருட்காட்சிக்கு முன்னால் அது வெற்றிடம் இல்லை. நடுவக்கரை என்று ஊர். சுற்றிலும் திருமங்கலம், வில்லிவாக்கம், கோயம்பேடு, பாடி. பாடியில் இருக்கும் திருவலிதாயம் சம்பந்தர் பாடிய தலம், அப்படியானால் எத்தனை நூற்றாண்டாக அந்தப் பக்கம் ஏர் ஓடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் ஆயா, அதாவது பாட்டி, திருமங்கலம் பக்கம் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். சாகும்வரை அவர் வாயில் அண்ணா நகர் என்ற பெயர் வந்ததில்லை. "கழனிப் பக்கம் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்வார், போவது ரேஷன் கடைக்காக இருந்தாலும்.

கழனி போனபோது பட்டாவில் பெயர் இருந்தவர்களுக்கு ஏதோ ஒரு தொகை கிடைத்தது. நட்டவர்களுக்கு, அறுத்தவர்களுக்கு, படியாளாக மூன்று தலைமுறை உழைத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? நீங்கள் திட்டம் திட்டம் என்று சொல்லும் அந்த வரைபடத்தில் பள்ளிக்கு இடம் இருந்தது, பூங்காவுக்கு இடம் இருந்தது, எங்கள் ஆட்களுக்கு எங்கே இடம் இருந்தது?

சர்வே_கல்
நில அளவையில் முப்பது வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சண்டையைத் தொடருங்கள்.

அப்போது நடப்பில் இருந்தது 1894ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம். நான்காம் பிரிவில் அறிவிக்கை வந்த தேதியன்று நிலத்துக்கு என்ன மதிப்போ அதுதான் கணக்கு. பணம் கைக்கு வருவதற்குள் பக்கத்து மனை எத்தனை மடங்கு ஏறினாலும் அந்தத் தேதிதான். அதன்மேல் கட்டாயமாக எடுக்கிறோம் என்பதற்காக 15 சதவீதம் ஆறுதல் தொகை, அதை 30 ஆக உயர்த்தியது 1984 திருத்தத்தில்தான். விலை போதாது என்றால் 18ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமும் காத்திருக்கப் பொறுமையும் இருந்தவர்கள் அதில் கொஞ்சம் கூடுதலாகப் பெற்றார்கள்.

கழனிவாசல் கேட்ட கேள்விக்கு அந்தச் சட்டத்தில் பதில் இல்லை. கூலிக்கு வேலை செய்தவரின் பிழைப்பு போனதை அது ஒரு இழப்பாகவே எண்ணவில்லை. 2013ஆம் ஆண்டுச் சட்டம்தான், நிலம் எடுப்பதற்கு முன் மூன்று வருடம் அங்கே பிழைத்த விவசாயத் தொழிலாளி, குத்தகைதாரர், வாரத்துக்கு உழுதவர் குடும்பங்களையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று எழுத்தில் கொண்டுவந்தது. ஆறுதல் தொகையும் 100 சதவீதம் ஆனது. நடுவக்கரைக்கு அது ஏறத்தாழ 45 வருடம் தாமதம்.

கோபுரத்துநிழல்
சார், நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஆனாலும் தம்பி கழனிவாசல், அந்தக் காலத்து நெருக்கடியையும் பாருங்கள். மாநகரின் மக்கள்தொகை 1951இல் ஏறத்தாழ 14 லட்சம், 1971இல் 24 லட்சத்துக்கு மேல். 1955இல் பெரம்பூரில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. அங்கே வேலைக்கு வந்தவர்கள் எங்கே குடியிருப்பது? வாரியம் எடுக்காவிட்டால் அந்தக் கழனி கழனியாகவே இருந்திருக்குமா? ஒரு ரியல் எஸ்டேட்காரர் கல் நட்டு 20 அடி ரோடு விட்டு, வாய்க்காலையும் சேர்த்து விற்றிருப்பார். தெற்கே போய்ப் பாருங்கள், அப்படித் துண்டு துண்டாக மனை போட்டு வளர்ந்த எத்தனையோ நகர்களில் ஆம்புலன்ஸ் திரும்ப இடம் கிடையாது. அதோடு ஒப்பிட்டுத்தான் அண்ணா நகரைப் பாராட்டுகிறேன். நகர வளர்ச்சிக்குத் திட்டம் போடும் சிஎம்டிஏ என்ற அமைப்பே 70களில் வந்ததுதான், முதல் மாஸ்டர் பிளான் 1976. அதற்கு முன்பே இப்படி ஒரு லேஅவுட் போட்டவர்களை நான் மதிக்கிறேன், நாளையும் மதிப்பேன்.

கழனிவாசல்
"எப்படியும் போயிருக்கும்" என்று இன்று புது விமான நிலையத்துக்கு நிலம் கேட்கும் பரந்தூர் பக்கத்திலும் சொல்கிறார்கள். ஏகனாபுரத்து மக்கள் 2022 முதல் போராடுவது இந்த ஒரு வாக்கியத்தை எதிர்த்தும்தான். போயிருக்கும் என்றால், எப்படிப் போகிறது, யார் கையில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்க வேண்டாமா?

எல்ஐஜி வீடு குறைந்த வருமானக்காரர்களுக்கு என்கிறீர்கள். அதற்கு விண்ணப்பம் போட வருமானச் சான்று வேண்டும், முன்பணம் வேண்டும், மாதா மாதம் தவணை கட்டச் சம்பளம் வேண்டும். உங்கள் அப்பாவிடம் சம்பளம் இருந்தது. ஆயாவிடம் என்ன இருந்தது? நெல்லாகக் கூலி வாங்கியவர். அவர் கடைசியில் நட்ட வயல் இருந்த இடத்துக்கே பாத்திரம் தேய்க்கப் போனார். என் மாமா அங்கே இஸ்திரி வண்டி போட்டார். 1996இல் கொத்தவால் சாவடியிலிருந்து சந்தை கோயம்பேட்டுக்கு வந்தது. காய்கறி விளைந்த பக்கத்துக்கே லாரியில் காய்கறி வந்து இறங்க, எங்கள் தெருப் பையன்கள் அங்கே மூட்டை தூக்கினார்கள். நான் படித்துவிட்டேன், வேலைக்கும் போகிறேன், அதனால் இதை எழுத முடிகிறது. என் கூடப் படித்த பலருக்கு இதை எழுத நேரமில்லை.

மாம்பலத்தான்
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். தி. நகரிலும் இதே கதைதான், என்ன, அங்கே கழனிக்குப் பதில் ஏரி. மாம்பலத்திலிருந்து நுங்கம்பாக்கம் வரை நீண்டு கிடந்த நெடிய ஏரியை 1923 வாக்கில் வற்றவைத்து எழுப்பிய பகுதி அது. நுங்கம்பாக்கத்தில் இன்னும் லேக் ஏரியா என்றும் டேங்க் பண்ட் ரோடு என்றும் சொல்கிறோம், ஏரியும் இல்லை, கரையும் இல்லை. ஏரி போனால் அதன் மதகுக்குக் கீழே இருந்த நஞ்சையும் தானாகவே போய்விடும், அதைத் தனியாக எடுக்கக்கூடத் தேவையில்லை.

ஒரு வித்தியாசம் உண்டு. தி. நகரில் நீதிக்கட்சித் தலைவர்கள் பெயரையாவது தெருக்களுக்கும் பூங்காவுக்கும் வைத்தார்கள், தியாகராயர், பனகல், நாயர், உஸ்மான் என்று. நீங்கள் பாராட்டும் லேஅவுட்டில் இரண்டாவது அவென்யூ, மூன்றாவது அவென்யூ, ஏஏ பிளாக், ஏபி பிளாக். தபால்காரருக்கு வசதிதான். ஆனால் ஒரு வயலுக்கும் களத்துக்கும் இருந்த பெயர் ஒன்றுகூட அந்த முகவரியில் மிஞ்சவில்லையே. நடுவக்கரை என்ற பெயரே இன்று பாலத்துக்கும், அதை ஒட்டி நெருக்கமாக வாழும் மக்களின் பகுதிக்கும் மட்டும்தான் இருக்கிறது.

முகப்பேர்_மேற்கு
நான் வாடகைக்கு இருக்கும் இடத்தின் பெயரே முகப்பேர் ஏரித் திட்டம். ஆட்டோக்காரரிடம் "ஏரி ஸ்கீம்" என்றால் நேராகக் கொண்டுவந்து விடுவார். முதல் மழைக்காலத்தில்தான் எனக்கு அந்தப் பெயரின் அர்த்தம் புரிந்தது. வீட்டு உரிமையாளரைக் கேட்டேன், "அதெல்லாம் ஒரு நாள்தான் நிற்கும் மா, வடிந்துவிடும்" என்றார். மூன்று நாள் நின்றது.

கோபுரத்துநிழல் சார், ஒழுங்கான சாலை போட்டதைப் பாராட்டுகிறீர்கள், சரி. தண்ணீருக்கு என்ன திட்டம் இருந்தது? ஓட்டேரி நல்லா என்ற நீர்வழி பாடிப் பக்கம் தொடங்கி, அண்ணா நகர் வழியாகப் போய், பேசின் பிரிட்ஜ் அருகே பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்கிறது. அது ஒரு காலத்தில் ஏரி உபரியையும் வயல் வடிகாலையும் சுமந்த ஓடை. இன்று மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கும் சாக்கடை. கழனிக்காரர்கள் போனதும் மடை திறக்கவும் வாய்க்கால் தூர் வாரவும் ஆளில்லை. அந்த வேலையை யாருக்குக் கொடுத்தோம் என்று அந்த வரைபடத்தில் தேடினால் கிடைக்குமா? அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ரெட்டேரி எல்லாம் இன்னும் இருக்கின்றன. வில்லிவாக்கம் ஏரி சுருங்கியாவது மிஞ்சியிருக்கிறது. இவற்றையும் ஸ்கீம் ஆக்குவதற்குள் யாராவது பேச வேண்டும்.

சர்வே_கல்
இதற்கு நானே பதில் சொல்கிறேன் மா. மனை வரைபடம் போடும்போது கிராம வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு, ஏரி உள்வாய், மேய்க்கால், களம் எல்லாம் தனித்தனிப் புல எண்ணோடு இருக்கும். நாங்கள் அதன்மேல் புதுக்கோடு போடுவோம். பழைய கோட்டில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியது என்று எழுதியிருக்காது, ஊர்க் கணக்கு எழுதிய கர்ணத்துக்கும் வயலுக்குத் தண்ணீர் விட்ட நீர்க்கட்டிக்கும்தான் தெரியும். அவர்களைக் கூட்டிப்போய்க் கேட்டுக் கோடு போட்ட இடமும் உண்டு, கேட்காத இடமும் உண்டு. நான் எல்லா இடத்திலும் கேட்டேன் என்று இங்கே பொய் சொல்ல மாட்டேன்.

கோபுரத்துநிழல்
ரொம்ப நேரம் பதில் எழுதாமல் இருந்தேன். தண்ணீர் விஷயத்தில் முகப்பேர்_மேற்கு சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கழனிவாசல், உங்கள் ஆயா பாத்திரம் தேய்த்தது எங்கள் பிளாக்காகக்கூட இருக்கலாம் என்ற நினைப்பு இரவெல்லாம் போகவில்லை.

ஆனால் ஒன்றில் நான் மாற மாட்டேன். அரசு நிலம் எடுத்து, எல்லாப் பிரிவினருக்கும் வீடு கட்டிக் கொடுக்கும் வழியையே தப்பு என்று விட்டுவிட்டால், அடுத்த குமாஸ்தா வீட்டுப் பையனுக்கு வீடு எங்கிருந்து வரும்? எடுக்கும் முறையைத் திருத்துங்கள், எடுப்பதையே கைவிடச் சொல்லாதீர்கள்.

கழனிவாசல்
அண்ணே, கைவிடச் சொல்லவில்லை. முதல் குலுக்கலில் சீட்டுப் போடும்போது நட்டவர் வீட்டுக்கும் ஒரு சீட்டு இருந்திருக்க வேண்டும் என்கிறேன். முன்பணம் இல்லாமல், வருமானச் சான்று இல்லாமல், அந்த ஊரில் உழைத்தார் என்ற ஒரே தகுதிக்காக.

2023இல் கோபுரத்தை மறுபடி திறந்தபோது பையனைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். மேலேயிருந்து ஆயா சொன்ன கழனி எந்தப் பக்கம் என்று கேட்டான். கையை நீட்டினேன், ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. சர்வே_கல் ஐயா, பழைய கிராம வரைபடத்தின் நகல் எங்கே கேட்டு வாங்கலாம்?

சர்வே_கல்
நடுவக்கரை கிராமத்துக்கான பழைய வரைபடமும், புல எண் வாரியாக நில விவரம் இருக்கும் அ-பதிவேடும் வேண்டும் என்று பெயரைச் சரியாக எழுதித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். திருமங்கலத்துக்குத் தனி மனு. கிடைத்ததும் இங்கே போடுங்கள் தம்பி, புல எண் பார்த்து எந்த அவென்யூ எந்தக் கழனி என்று நான் உட்கார்ந்து குறித்துத் தருகிறேன்.

கோபுரத்துநிழல்
என் அப்பாவின் ஒதுக்கீட்டு ஆணையில் பழைய புல எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பீரோவைத் திறந்து பார்க்கிறேன்.