பட்டம் கையில் இருந்தது, வெப்பமானி பெட்டிக்குள் இருந்தது

கல்லடியிலிருந்து ஒருத்தி:

எங்கள் ஒழுங்கையில் என்னை "மெஷின் திருத்துகிற பிள்ளை" என்பார்கள். டொக்டரும் இல்லை, நேர்சும் இல்லை, பிறகு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்கும் பெரியம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லி முடியவில்லை. புற்றுநோயாளிக்கு எத்தனை கிரே (உடம்பு ஏற்கும் கதிரை அளக்கும் அலகு) கதிர் கொடுக்கவேண்டும் என்று வைத்தியர் எழுதுவார். எழுதிய அளவுதான் உடம்புக்குள் போகிறதா என்று அளந்து கையொப்பம் வைப்பது மருத்துவப் பௌதிகவியலாளரின் வேலை.

வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் பட்டம், பேராதனையில் மருத்துவப் பௌதிகவியல் முதுமாணி. இரண்டும் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்றே நினைத்தேன். சர்வதேச அணுசக்தி முகமையின் வழிகாட்டலோ, முதுமாணிக்குப் பிறகு வைத்தியசாலையில் மேற்பார்வையின் கீழ் குறைந்தது 2 வருடப் பயிற்சி வேண்டும் என்கிறது. அந்த 2 வருடம் எதற்கு என்பது எனக்கு ஒரு காலையில் விளங்கியது.

அதற்கு முந்திய இரவு குளிரூட்டி நின்றுபோயிருந்தது. தண்ணீர்த் தொட்டியில் 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் அயனாக்க அறையை, அதாவது கதிரை அளக்கும் சின்னக் கருவியை, இறக்கி, 10க்கு 10 சென்ரிமீற்றர் சதுரத்தில் கதிரைப் பாய்ச்சி அளந்தேன். கதிர் இயந்திரத்தின் வெளியீடு இருக்கவேண்டியதைவிட 2.7 வீதம் குறைவு. இரண்டு வீதத்துக்கு மேல் விலகினால் சும்மா விடமுடியாது. இயந்திரத்தின் வெளியீட்டைக் கூட்டிவிடலாம் என்று எழுந்தேன். பின்னால் நின்ற மூத்தவர் குரலை உயர்த்தவில்லை.

"தங்கச்சி, வெப்பமானி எங்கே?"

பெட்டிக்குள் இருந்தது. எடுத்துப் பார்த்தால் தண்ணீர் 28 பாகை. நான் கணக்குப் போட்டது 20 பாகைக்கு. அயனாக்க அறை காற்றுக்குத் திறந்தது. சூடேறினால் உள்ளே காற்று ஐதாகும், சேரும் மின்னேற்றமும் குறையும். கெல்வினில் 28 பாகை 301.2, 20 பாகை 293.2. அளந்ததைப் பெருக்கவேண்டிய திருத்தக் காரணி 301.2ஐ 293.2ஆல் வகுக்க வருவது. அதே 2.7 வீதம்! இயந்திரத்தில் ஒரு பிழையும் இல்லை. கூட்டியிருந்தால் அன்று வந்த எல்லோருக்கும் அளவு கூடியிருக்கும். இந்தச் சூத்திரம் பரீட்சையில் வந்தபோது எனக்கு முழுப் புள்ளி.

சம்மாந்துறையிலிருந்து ஒருவர்:

அக்கா, எனக்கு ஒரு வருடம் வீணாய்ப் போனது வேறு விதமாக. முதுமாணி இருந்தால் அமெரிக்கச் சான்றிதழ்ப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி முடித்துவிடலாம் என்று புத்தகங்களை வாங்கிக் குவித்தேன். மூன்று கட்டப் பரீட்சை அது. 2014க்குப் பிறகு, அங்கீகாரம் பெற்ற வதிவிடப் பயிற்சி (வைத்தியசாலையில் மேற்பார்வையின் கீழ் செய்யும் பயிற்சி) இல்லாமல் இரண்டாம் கட்டத்துக்கே உட்காரமுடியாது. அதை முதலில் வாசிக்காதது என் மடமை. பயிற்சி இடம் பிடிப்பதுதான் மலை. பரீட்சை அதற்குப் பிந்திய மேடு.

இப்போது விண்ணப்பித்திருப்பது இத்தாலியில் திரியெஸ்தே நகரத்து நிலையத்துக்கு. பாகிஸ்தான் பௌதிகவியலாளர் அப்துஸ் சலாம் 1964இல் தொடங்கிய அதே கோட்பாட்டுப் பௌதிக நிலையம். எங்களைப் போன்ற நாட்டுப் பிள்ளைகளை மனதில் வைத்து நடத்தும் இரண்டு வருட மருத்துவப் பௌதிகப் படிப்பு அங்கே இருக்கிறது; இரண்டாம் வருடம் வைத்தியசாலையில். படிப்பும் கைப்பயிற்சியும் ஒரே இடத்தில் கிடைப்பது பெரிய காரியம். உம்மா மட்டும் "அங்கே சோறு கிடைக்குமா?" என்ற கேள்வியிலேயே நிற்கிறார்.

உயிரியல் பிரிவில் படிக்கும் தம்பிமார் அடிக்கடி கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பெயரில் மருத்துவம் இருந்தாலும் வாசல் பௌதிகப் பட்டம்தான்.

அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர்:

நான் இந்தத் துறை இல்லை. வாப்பாவுக்கு 25 நாள் கதிர்ச் சிகிச்சை நடந்தது. விடியச் சாமம் பஸ் ஏறிப் போவோம். முதல் நோயாளியை எடுக்கும் முன் ஒருவர் தடித்த கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஏதோ செய்வார். வாங்கில் இருந்த நாங்கள் எல்லோரும் முணுமுணுப்போம், நான்தான் கூடுதலாக. ஒரு நாள் அவர் வெளியே வந்து, "இன்னும் பத்து நிமிடம், இன்னொரு முறை அளக்கவேண்டும்" என்றார். வேலை தெரியாதவர் போல என்று வாப்பாவிடம் சொன்னேன்.

கல்லடிக்காரி:

நானா, இரண்டாம் முறை அளப்பவர் கையில் வாப்பாவை விட்டிருக்கிறீர்கள். நான் அன்று ஒருமுறைதான் அளந்தேன்.