பெற்றோல் டாங்க் ஆடினால் போல்டை இறுக்க வேண்டாம்: சின்ன பைக் வைத்திருப்பவர்களின் அனுபவப் பகிர்வு

பஞ்சிகாவத்தைப் பொடியன்:
100 தொடக்கம் 150 சிசி வரையான பைக்குகள் பலவற்றில் டாங்க் மூன்றே இடங்களில்தான் நிற்கிறது. முன்னால், ஹாண்டிலுக்குப் பின்னே பிறேமின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வட்ட றப்பர். டாங்கின் அடியில் உள்ள கவ்விகள் அவற்றில் போய்ச் செருகும். பின்னால், சீட்டுக்குக் கீழே ஒரு தகட்டுக் காது. அதற்குள் றப்பர், றப்பருக்குள் கொலர் (சின்ன இரும்புக் குழாய்த் துண்டு), மேலே வொஷர், போல்ட்.

காது வெடித்த டாங்கைக் கண்டால் முதலில் கொலர் இருக்கிறதா என்று பாருங்கள். சேர்விஸில் கழற்றும்போது அது உருண்டு போய்விடும், ஒருவரும் தேடுவதில்லை. கொலர் இருந்தால் போல்ட் அதில் முட்டி நிற்கும், றப்பர் தன்பாட்டில் அசையும். இல்லாவிட்டால் வொஷர் றப்பரை நசுக்கி, காதைப் பிறேமோடு ஒன்றாக்கிவிடும். பிறகு எஞ்சின் அதிர்வு எல்லாம் மெல்லிய தகட்டுக்குத்தான். வெடிப்பு பெரும்பாலும் காதின் நடுவில் வராது. காதை டாங்கோடு வெல்ட் பண்ணின ஓரத்தில் தலைமயிர் மாதிரி தொடங்கும்.

கிராண்ட்பாஸ் 14:
கொழும்பு காலி வீதிக் குழியில் சில்லு விழும்போது டாங்க் கடகட என்று அடிக்கும். போல்டை இறுக்கினால் சத்தம் நிற்குதே, பிறகென்ன பிரச்சினை அண்ணா?

பஞ்சிகாவத்தைப் பொடியன்:
சத்தம் நிற்கும் தம்பி, அடி நிற்காது. அந்த அடி இப்போ வெல்டில் விழுது. சத்தம் வந்தால் முன் றப்பர் இரண்டையும் பாருங்கள், பத்துக்கு எட்டு அங்கேதான். நகத்தால் அமத்தினால் பள்ளம் விழுந்து திரும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தாலோ, ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தாலோ இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் டாங்க் சரிந்து நின்று மறுபக்கம் பிறேமில் உரசும்.

கடலோர ரைடர்:
வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் நிற்கிற பைக்குகளுக்கு உப்புக் காற்றுத் தொல்லை வேறு. றப்பருக்கும் தகட்டுக்கும் இடையில் ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் துருப்பிடிக்கும். பிறெஷர் வோஷ் அடித்த பிறகு அங்கே தண்ணீர் நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாங்கைத் தூக்கித் துடைத்தால் போதும்.

கழற்றும் முறை: டாங்கில் பெற்றோல் காற்பங்குக்குக் கீழே இருக்கட்டும். நிறைந்த 10 லீற்றர் என்றால் பெற்றோல் மட்டுமே ஏழரைக் கிலோ வரும், கையில் நழுவும். கொக்கை (டாங்கின் அடியில் பெற்றோலைத் திறந்து மூடும் குமிழ்) மூடி, கிளிப்பைத் தள்ளி, பெற்றோல் ஹோஸைக் கழற்றுங்கள். மீற்றருக்குப் போகும் வயர் இருந்தால் அதன் சொக்கெற்றையும் கழற்றுங்கள். பின் போல்டைக் கழற்றி, பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி, நேராகப் பின்னுக்கு இழுங்கள். பக்கவாட்டில் ஆட்டி இழுப்பதால்தான் முன் கவ்வி வளைகிறது.

பூட்டும்போது முன் றப்பரில் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். கிறீஸ், எஞ்சின் ஒயில் வேண்டாம், றப்பர் ஊதிவிடும். றப்பருக்குப் பதில் சைக்கிள் டியூப் வெட்டிச் சுற்றுவதும் வேண்டாம். பெற்றோல் பட்டால் குழைந்துபோகும்.

பஞ்சிகாவத்தைப் பொடியன்:
கொலர் தொலைந்திருந்தால் லேத் பட்டறையில் வெட்டித் தருவார்கள். நீளம், புது றப்பரின் தடிப்பை விட அரை தொடக்கம் ஒரு மில்லிமீற்றர் குறைவு. அதிகம் குறைந்தால் றப்பர் நசியும், கூடினால் டாங்க் ஆடும். போல்ட் 10ஆம் நம்பர் ஸ்பனர் பிடிப்பது என்றால் சுமார் 10 நியூட்டன் மீற்றர் இறுக்கம், அதாவது குட்டை ஸ்பனரில் மணிக்கட்டுப் பலம். ஸ்பனரில் குழாய் செருகி நீட்டி இறுக்குகிற பாஸ்மாரிடம் (மெக்கானிக்குகளிடம்) பைக்கைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. கடைசியாக ஹாண்டிலை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, அக்சிலேற்றர் கேபிளோ வயரோ டாங்குக்குக் கீழே நசிபடுகிறதா என்று பாருங்கள்.

டெலிவரி மச்சான்:
டாங்கைக் கெடுக்கிற பழக்கங்களில் காஸ் சிலிண்டரை டாங்கில் வைத்து ஏற்றுவதையும் சேருங்கோ. உள்ளே காஸ் மட்டும் 12.5 கிலோ, இரும்பின் பாரம் அதற்கு மேலே. றோட்டு பம்ப் (வேகத்தடை) தாண்டும்போது அவ்வளவும் முன் றப்பரில் குத்தும். அரிசி மூட்டையும் அதே கணக்கு.

கடலோர ரைடர்:
பெற்றோல் மணந்தால் கொக்கை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள். டாங்கின் அடியில், பின் காதைச் சுற்றிப் பெயின்ற் கொப்பளித்திருந்தாலோ மஞ்சள் கறை வழிந்திருந்தாலோ வெடிப்பு உள்ளே போய்விட்டது. எபொக்சி சில நாள் தாங்கும், அதிர்வில் திரும்ப விடும். வெல்டிங்கை வீட்டில் வைத்துச் செய்யவே வேண்டாம். வெறுமையான டாங்கில் நிற்கும் பெற்றோல் ஆவிதான் தீப்பிடித்து வெடிக்கும். டாங்கைக் கழுவி ஆவி போக்கி, தண்ணீர் நிரப்பி ஒட்டுகிற அனுபவமுள்ள பட்டறைக்கே கொண்டுபோங்கள்.

கிராண்ட்பாஸ் 14:
பழைய டாங்க் வாங்கிப் போட்டால்?

பஞ்சிகாவத்தைப் பொடியன்:
போடலாம். 2020இல் வாகன இறக்குமதி நின்ற காலத்தில் பழசுக்குத்தான் கிராக்கி இருந்தது, விலையும் அப்படித்தான். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில் வெறும் டாங்கோடு நின்ற பைக்குகளின் டாங்க் உள்ளே துருப்பிடித்திருக்கலாம், மூடியைத் திறந்து ரோர்ச் அடித்துப் பாருங்கள். பிறகு கவிழ்த்து, முன் கவ்வி இரண்டும் ஒரே அளவு விரிந்திருக்கிறதா, பின் காதுத் துளை நீண்டிருக்கிறதா என்று பாருங்கள். காதைச் சுற்றி மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருந்தால் விலையே பேசாமல் அடுத்த கடைக்குப் போங்கள்.