குவைத்தில் அடிபட்ட அண்ணனுக்கு நஷ்டஈடு: விண்ணப்பப் பாரம் அனுப்புவது எப்படி?

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். அண்ணன் குவைத்தில், அமெரிக்க ராணுவ முகாமின் சமையல் கூடத்தில், ஒரு துணைக் காண்ட்ராக்டரிடம் வேலை செய்தார். போன வருடம் குளிர்பெட்டி லாரியிலிருந்து சாமான் இறக்கும்போது வழுக்கி விழுந்ததில் வலது தோள் போய்விட்டது. முகாம் கிளினிக்கில் கட்டுப்போட்டு, மூன்றாம் வாரமே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டார்கள். இன்றுவரை கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. அம்மாதான் தலை வாரிவிடுகிறார். ரப்பர் வெட்டும் வேலைக்கும் போக முடியாது.

விழுந்த அன்றே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார், அது பத்திரமாக இருக்கிறது. அனுப்பி வைத்த ஏஜெண்ட் இப்போது போனே எடுப்பதில்லை. (சேர்க்கும்போது மட்டும் வீட்டுக்கே வந்தார்.) ஈப்போவில் பார்த்த வக்கீல், அமெரிக்கச் சட்டம் தனக்குத் தெரியாது என்று அனுப்பிவிட்டார்.

பிறகு நானே தேடிப் படித்தேன். வெளிநாட்டு அமெரிக்க ராணுவ முகாம்களில் வேலை செய்து அடிபட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சொல்லும் அமெரிக்கச் சட்டம், 1941இல் வந்த டிபென்ஸ் பேஸ் ஆக்ட், எந்த நாட்டுக்காரருக்கும், துணைக் காண்ட்ராக்டர் ஆட்களுக்கும் பொருந்தும். அடிபட்ட 30 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் எல்எஸ்-203 என்ற நஷ்டஈடு கேட்கும் பாரத்தை அமெரிக்கத் தொழிலாளர் துறைக்கு அனுப்ப வேண்டும். அடுத்த மாதம் 14ஆம் தேதியோடு எங்களுக்கு ஒரு வருடம் முடிகிறது. எக்ஸ்ரே, சம்பள சிலிப், முகாம் பாஸ் நகல் எல்லாம் கையில் உண்டு. முதலாளியின் இன்சூரன்ஸ் கம்பெனி யாரென்றுதான் தெரியவில்லை.

இன்சூரன்ஸ் பெயர் தெரியாமலே, முதலாளி பெயரை மட்டும் போட்டு மலேசியாவிலிருந்து எல்எஸ்-203 அனுப்பியவர்கள் யாராவது இருந்தால், எப்படி அனுப்பினீர்கள்?