சர்ஃப் 130: டை ராட் எண்டு மட்டும் மாத்தினா போதுமா?

மோல்மேன் ஓட்டி
1993 டொயோட்டா ஹைலக்ஸ் சர்ஃப் (130 மாடல்), பர்மாவுல ரங்கூன்–மோல்மேன் ரோட்டில் ஓடுது. ஸ்டியரிங்ல ரெண்டு விரல் அகலம் ஆட்டம், குழியில இறங்கினா கடகட சத்தம். வெளிப்பக்க டை ராட் எண்டு (ஸ்டியரிங் அசைவை சக்கரத்துக்குக் கொண்டுபோற கம்பியோட நுனி மூட்டு) ரெண்டும் ரப்பர் கிழிஞ்சாச்சு. வண்டி வலது பக்கமா இழுக்கவும் செய்யுது. எண்டு ரெண்டையும் மாத்தினா சரியாயிடுமா அண்ணன்மாரே?

பகோ பட்டறை
கழட்டுறதுக்கு முன்னாடி ஆட்டம் எங்கேன்னு பாருங்க தம்பி. ஜாக்கி போடாதீங்க, நாலு சக்கரமும் தரையில இருக்கணும். எஞ்சினை நிறுத்தி, ஸ்டியரிங் லாக்கை எடுத்துட்டு ஒருத்தர் ஸ்டியரிங் வீலை லேசா இப்படியும் அப்படியும் ஆட்டட்டும். நீங்க கீழே படுத்து ஒவ்வொரு மூட்டையும் கையால பிடிச்சுப் பாருங்க. ஐட்லர் ஆர்ம் (ஸ்டியரிங் பாக்ஸுக்கு எதிர்ப்பக்கம் கம்பியைத் தாங்குற கை) பக்கவாட்டுல போறதுக்கு முன்னாடி மேலும் கீழும் ஏறி இறங்கினா அதோட புஷ் தேஞ்சு போச்சு. அதை விட்டுட்டு எத்தனை எண்டு மாத்தினாலும் ஆட்டம் நிக்காது. ஸ்டியரிங் பாக்ஸ் மேல இருக்கிற அட்ஜஸ்ட் ஸ்குரூவைத் திருகி ஆட்டத்தை மறைக்கிறவங்களும் உண்டு. அதைச் செய்யாதீங்க, நடுவுல இறுகிப் பாக்ஸே போயிடும்.

தட்டோன் மெக்கானிக்
அண்ணன் சொன்னது சரி. எண்டு மொத்தம் நாலு, பக்கத்துக்கு உள்ளே ஒண்ணு வெளியே ஒண்ணு. ஒண்ணு வலது மரை, இன்னொண்ணு இடது மரை. பழசை கையில வச்சு ஒப்பிட்டு வாங்குங்க. கழட்டும் முன்னாடி ஒரு ஸ்டட் (எண்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற மரைக் கம்பி) நடுவிலிருந்து மறு ஸ்டட் நடுவரை டேப் வச்சு அளந்து எழுதிக்குங்க.

நட்டை ஸ்டட் நுனிக்குச் சமமா தளர்த்தி அப்படியே விட்டுட்டு, ஸ்டட் நுழையுற ஆர்மோட கண்ணை (துளை இருக்கிற முனையை) ஒரு பக்கம் சுத்தியலால தாங்கி எதிர்ப்பக்கம் ஓங்கி அடிங்க. ஸ்டட்டை அடிக்காதீங்க, மரை நசுங்கும். நடுவுல செருகி அடிச்சுப் பிரிக்கிற கவட்டைக் கம்பி ரப்பரைக் கிழிச்சிடும், தூக்கிப் போடுற எண்டுக்கு மட்டும் அது போதும்.

புதுசு போடும்போது கூம்புத் துளையில கிரீஸ் வேண்டாம், துடைச்சு உலர்ந்திருக்கணும். ஸ்பிளிட் பின் (நட்டு கழலாம பூட்டுற பின்) துளை நேரா வரலைன்னா நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்க, ஒருநாளும் தளர்த்தாதீங்க. பின் புதுசு. எண்டை நடுக் குழாயில பிடிக்கிற கிளாம்பை இறுக்கும்போது ரெண்டு எண்டும் ஒரே சாய்வில இருக்கட்டும், இல்லேன்னா திருப்பும்போது முட்டும்.

ரங்கூன் அலைன்மெண்ட்
வலது இழுப்புக்கு எண்டைக் குறை சொல்ல வேண்டாம். 1970லிருந்து இங்கே வலது பக்கம்தான் ஓட்டுறோம், ரோடும் அந்த ஓரத்துக்குத்தான் சாயுது. சமதரையில ஓட்டிப் பாருங்க. அங்கேயும் இழுத்தா முன் டயர் ரெண்டையும் இடம் மாத்துங்க. இழுப்பு இடம் மாறினா டயர், மாறலைன்னா வலது பிரேக் பிடிச்சு நிக்குதான்னு சக்கரத்தைச் சுத்திப் பாருங்க. டோ (முன் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிக்கிற அளவு) தப்பினா இழுக்கிறதைவிட டயர் ஓரம் ரம்பம் மாதிரி தேயும். எழுதி வச்ச அளவு பட்டறை வரைக்கும் ஓட்டிட்டு வரத்தான், அலைன்மெண்ட் பாக்காம மோல்மேனுக்கு கிளம்பிடாதீங்க.