ஹோல்ஸ்டருக்கு உறை போதுமா, கூடு வேண்டுமா?

அன்புள்ள குழு நண்பர்களுக்கு வணக்கம்.

மார்த்தாண்டத்துத் தம்பி டெக்சாசில் வாழும் தமிழர்களுக்காக ஒரு கையேட்டை மொழிபெயர்க்கிறார். சிறிய கைத்துப்பாக்கியை உடம்போடு எடுத்துச் செல்பவர்கள் அதற்கு எதையெல்லாம் வாங்கிச் சேர்க்கலாம், எதைத் தொடாமல் விடலாம் என்பது அதன் பொருள். தமிழ்ச்சொல் கேட்டு அவர் நம் குழுவுக்கு அனுப்பிய பட்டியலில் முதல் சொல்லே ஹோல்ஸ்டர், அதாவது கைத்துப்பாக்கியை வைத்து உடம்போடு மாட்டிக்கொள்கிற பொருள். வந்த பதில்களில் பெரும்பாலானவை ‘உறை’ என்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பிரித்துப் பழுது பார்த்துப் பூட்டுகிற வேலையில் இருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> உறை என்றால் எல்லோருக்கும் புரிகிறது. வாளுறை இருக்கும்போது துப்பாக்கியுறை ஏன் கூடாது?

புரியும், சரி. என்ன புரியும் என்பதுதான் கேள்வி. தலையணை உறை, கையுறை, காலுறை, கடித உறை எல்லாமே மேலே போர்த்துகிற துணியோ காகிதமோதான். ‘துப்பாக்கி உறை’ என்றதும் நம் மாவட்டத்தில் பலருக்கு நினைவுக்கு வருவது, வங்கிக் காவலுக்குப் போகும் முன்னாள் படைவீரர் இரட்டைக்குழல் துப்பாக்கியை நுழைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறும் அந்தக் கான்வாஸ் பை. தூசி படக்கூடாது, வழியில் போகிறவர்கள் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை. அதற்கு உறை மிகப் பொருத்தமான பெயர். அந்தப் பெயரை அதற்கே விட்டுவிடலாம்.

ஹோல்ஸ்டரின் வேலை வேறு. நல்ல ஹோல்ஸ்டரில் துப்பாக்கியை வைத்தால், சுடுவதற்கு விரலால் அழுத்துகிற விசையும் விசையைச் சுற்றியுள்ள வளையமும் முழுக்க மூடிக்கொள்ளும். வெளியே இருந்து விரலோ சாவியோ சட்டை நுனியோ உள்ளே புகாது. துப்பாக்கியை எடுத்த பிறகும் அதன் வாய் அமுங்காமல் திறந்தே நிற்கும். ஒரு கையாலேயே திரும்ப வைக்கலாம். மெத்தென்ற துணிப் பையில் இது நடக்காது. எடுத்ததும் பை சுருங்கிவிடும், திரும்ப நுழைக்கும்போது துணி மடிந்து விசை வளையத்துக்குள் போகும், அழுத்தினால் வெடிக்கும். உலகத்தில் எங்கே கேட்டாலும், ஹோல்ஸ்டரில் திரும்ப வைக்கிற நேரம்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய நேரம் என்று பயிற்சி கொடுப்பவர்கள் சொல்வார்கள். அப்புறம், பிடி எப்போதும் ஒரே இடத்தில், ஒரே சாய்வில் கைக்குக் கிடைக்க வேண்டும். குனிந்தாலும் ஓடினாலும் துப்பாக்கி விழக்கூடாது. வாங்கும்போது சோதிக்க எளிய வழி உண்டு. தோட்டா எதுவும் இல்லாத துப்பாக்கியை அதில் வைத்து, மெத்தைக்கு மேலே பிடித்துத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். துப்பாக்கி நழுவினால் அது துப்பாக்கியை மூடுகிறதே தவிரப் பிடித்து வைக்கவில்லை.

நம் பனையேறிகள் இடுப்பில் கட்டுகிற அருவாப்பெட்டியை நினைத்துப் பாருங்கள். பாளை அருவாளின் வடிவத்துக்கென்று செய்தது. விறைப்பானது. தீட்டிய விளிம்பு தொடையில் படாது. மரத்தின் உச்சியில் ஒரு கையால் மட்டையைப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்காமலே மறுகையால் அருவாளை எடுப்பார், திரும்பப் போடுவார். அதை உறை என்று யாரும் சொன்னதில்லை. ‘பெட்டி’ என்ற சொல்லையே ஹோல்ஸ்டருக்கும் எடுக்கலாமா என்று யோசித்தேன். ஆனால் துப்பாக்கிப்பெட்டி என்றால் வீட்டில் பூட்டி வைக்கிற பெட்டி என்றே வாசிப்பார்கள். அதனால்தான் ‘கூடு’ என்கிறேன். துப்பாக்கிக்கூடு.

கூடு என்பது உள்ளே இருப்பதன் வடிவத்துக்கு ஏற்ப அமைந்த, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் தன் வடிவத்தில் நிற்கிற ஒன்று. இன்று அதிகம் விற்கும் கைடெக்ஸ் வகையை எப்படிச் செய்கிறார்கள்? பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, குறிப்பிட்ட துப்பாக்கியின் அச்சின்மேல் அழுத்தி வார்க்கிறார்கள். கிளாக் 19 என்ற கைத்துப்பாக்கிக்குச் செய்தது சிக் பி365 என்ற இன்னொரு கைத்துப்பாக்கிக்குப் பொருந்தாது. தோலில் செய்தாலும் நல்ல கைவினைஞர் நனைத்து அழுத்தி அதே மாதிரி வடிவம் எடுப்பார். உறை என்கிற சொல்லில் இந்தப் பொருத்தம் வராது.

சட்டமும் இந்த வேறுபாட்டைப் பார்க்கிறது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்வதென்றால் அதற்கென்று செய்த ஹோல்ஸ்டரிலோ அது போன்ற ஒன்றிலோ வைத்து, முழுக்க மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்கின்றன. ‘அதற்கென்று செய்த’ என்பது அங்கே முக்கியம். தமிழில் எழுதும்போது ஏதோ ஒரு பை போதும் என்று வாசிப்பவருக்குத் தோன்றக்கூடாது.

இன்னொரு காரணம், கூடு நன்றாகக் கூட்டுச்சொல் ஆகிறது. கால்சட்டைக்குள் செருகுவது உள்ளிடைக்கூடு, பெல்ட்டுக்கு வெளியே மாட்டுவது வெளியிடைக்கூடு, அக்குளுக்குக் கீழே தொங்குவது தோள்கூடு, கணுக்காலில் கட்டுவது கணுக்கூடு. மொழிபெயர்க்கும் தம்பிக்கு இந்த நான்கும் ஒரே பக்கத்தில் வேண்டியிருக்கிறது.

அவர் பட்டியலின் மற்றச் சொற்களையும் பார்த்துவிடுகிறேன். அப்கிரேடு என்பதற்கு ‘மேம்பாடு’ வேண்டாம். அது விற்பவரின் சொல். விசையின் சுருள்வில்லை மாற்றினால் துப்பாக்கி மேம்பட்டுவிடும் என்று பெயரிலேயே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும். ஆர்மரர் மேசையில் இரண்டே வகைதான் உண்டு: துப்பாக்கியோடு சேருகிற பொருள், துப்பாக்கிக்குள் மாற்றுகிற பொருள். முதலாவது துணைப்பொருள். இரண்டாவது பாகமாற்றம். இந்தப் பிரிவு தலைப்பிலேயே தெரியவேண்டும். ஏனென்றால் உடம்போடு எடுத்துச் செல்லும் சிறிய துப்பாக்கிக்கு உண்மையில் பயன்படுவதில் பெரும்பகுதி துணைப்பொருள்தான். நல்ல கூடு, அதைத் தாங்கும் விறைப்பான பெல்ட், தோட்டாக்களை அடுக்கிப் பிடிக்குள் செருகுகிற மேகசின் கூடுதலாக ஒன்றிரண்டு, குறிபார்ப்பதற்கு இருட்டிலும் தெரிகிற குறி. மீதிப் பணம் பயிற்சித் தோட்டாவுக்கு. கிளாக் போன்றவற்றின் விசையைத் தொழிற்சாலையில் சுமார் இரண்டரைக் கிலோ இழுப்புக்கு அமைத்திருப்பார்கள். அதைக் குறைக்கிறேன் என்று மெல்லிய சுருள்வில் போட்டால் சில நேரம் ஊசி தோட்டாவைப் போதுமான அளவு தட்டாது, வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காது. பதற்றத்தில் விரல் பட்டதும் வெடிப்பது அதைவிட மோசம். போட்டியில் சுடுகிறவர் தன் துப்பாக்கிக்குச் செய்வது வேறு, இடுப்பில் நாள் முழுக்கச் சுமப்பவர் செய்வது வேறு.

கையேட்டில் ‘பிரின்டிங்’ என்று ஒரு சொல் வருகிறது. சட்டைக்கு மேலே துப்பாக்கியின் வடிவம் தெரிவது. அச்சு என்று எழுதினால் அச்சகத்துக்குப் போய்விடும். ‘துருத்தல்’ போதும். அதிகம் துருத்துவது குழல் அல்ல, பிடி. குழல் கால்சட்டைக்குள் இறங்கிவிடுகிறது. பிடிதான் பெல்ட்டுக்கு மேலே நிற்கிறது. சிக் பி365 வந்தபோது பிடியோடு ஒட்டி முடிகிற மேகசினில் பத்துத் தோட்டா. பன்னிரண்டு வேண்டுமென்றால் மேகசின் கீழே நீளும். கைக்கு நல்ல பிடிமானம், ஆனால் துருத்தல் கூடும். அதனால் இடுப்பில் குட்டையான மேகசினும் பையில் நீளமான மேகசினும் என்று வைப்பவர்கள் உண்டு.

விளக்கு, குறிபார்க்கச் சிவப்புப் புள்ளி காட்டும் செம்புள்ளிக் குறி இரண்டையும் கூடு வாங்குவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும் என்பதைத் தம்பி தடித்த எழுத்தில் போடவேண்டும். குழலுக்குக் கீழே விளக்கு மாட்டிவிட்டால் பழைய கூட்டில் துப்பாக்கி நுழையாது. இரவுக்குறியை இருட்டில் ஒளிரவைக்கிற டிரிட்டியத்தின் அரைவாழ்வு 12.3 ஆண்டு, அதற்குள் ஒளி பாதியாவது மங்கிவிடும். பழைய துப்பாக்கி வாங்குகிறவர் குறியை இருட்டில் பார்த்துவிட்டுத்தான் விலை பேசவேண்டும். ஒலியடக்கியை அமெரிக்கக் கடைகளில் துணைப்பொருள் வரிசையில் பார்க்கலாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதுவே துப்பாக்கி என்ற வரையறைக்குள் வருகிறது. 9 மி.மீ. இங்கே தடைசெய்யப்பட்ட குழலளவு. உரிமம் உள்ளவர்கள் பெரும்பாலும் வைத்திருப்பது .32 குழலளவு. ஊரில் இருந்து வாசிப்பவர்கள் குழம்பாமல் இருக்க ஓர் அடிக்குறிப்பு போடுங்கள்.

கடைசியாகக் குதிரை. விசையை அழுத்தினான் என்று எழுதவேண்டிய இடத்தில் கதைகளில் குதிரையை இழுத்தான் என்று எழுதுகிறார்கள். குதிரை என்பது பின்னால் நின்று முன்னால் பாய்கிற சுத்தி. விரல் படுவது விசை. விளவங்கோடு பக்கம் பெரியவர்கள் துப்பாக்கியைத் தோக்கு என்றும் விசையைக் காஞ்சி என்றும் சொல்வார்கள்; காஞ்சி விசைதான், குதிரை அல்ல. கிளாக்கில் குதிரையே கிடையாது, உள்ளே ஊசி மட்டும். அதனால் கையேட்டில் குதிரை வரவே கூடாது.

நாகர்கோவிலிலிருந்து

அண்ணாச்சி, வணக்கம்.

உங்கள் விளக்கம் கூட்டின் பக்கம் என்னைக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் மூன்று விஷயங்கள். பழைய தமிழில் ஆயுத உறைக்குத் ‘தடறு’ என்ற சொல் இருக்கிறது. குட்டையான சொல், வேறு எதோடும் குழம்பாது. அதை விட மனம் வரவில்லை. இரண்டாவது, ஈழத்தில் மேகசினை ரவைக்கூடு என்று எழுதியிருக்கிறார்கள் (ரவை என்றால் அங்கே தோட்டா), அது நன்றாக நிலைத்த சொல். ஒரே பக்கத்தில் ரவைக்கூடும் துப்பாக்கிக்கூடும் வந்தால் வாசிப்பவர் தடுமாறமாட்டாரா? மூன்றாவது, எலும்புக்கூடு என்பதைப் போலத் துப்பாக்கிக்கூடு என்றால் துப்பாக்கியின் வெற்று உடல் என்று எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. இலக்கணப்படி தோள்கூடு தோட்கூடு ஆகும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

தக்கலையிலிருந்து

டீச்சர், ரவைக்கூடு எனக்குக் கிடைத்த சாட்சி. ரவை இருப்பது ரவைக்கூடு, துப்பாக்கி இருப்பது துப்பாக்கிக்கூடு. ஈழத்தில் அந்தச் சொல்லைப் புழங்கியவர்கள் ஆயுதத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்; அவர்கள் உறையையும் பையையும் விட்டுக் கூட்டைத் தேர்ந்தார்கள். மேகசினுக்கும் அதையே தம்பி எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்வேன். இரண்டு சொல்லும் ஒன்றையொன்று தாங்கும்.

எலும்புக்கூட்டுக் குழப்பம் வரக்கூடும் என்பது நியாயம். துப்பாக்கியின் வெற்று உடலுக்கு ‘சட்டம்’ என்று பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தச் சொல் பக்கத்திலேயே நின்றால் கூடு தனியாகத் தெரியும். தடறு அழகான சொல், கலைச்சொல் பட்டியலில் இணைச்சொல்லாகப் பதியுங்கள். ஆனால் கையேடு பாதுகாப்புக்காக எழுதுவது. ‘விசை தடற்றுக்குள் முழுக்க மூடியிருக்கிறதா பார்’ என்றால் வாசிப்பவர் அகராதியைத் தேடுவார். ‘கூட்டுக்குள்’ என்றால் பார்ப்பார். தோட்கூடு பற்றியும் அதே கருத்துதான். தோள்பை என்று எழுதிப் பழகிய கண்ணுக்குத் தோள்கூடு உறுத்தாது.

ஒன்று விட்டுப்போயிற்று. கூடு எடுத்துச் செல்ல மட்டும். அதிலேயே வைத்துப் பூட்டக்கூடாது, தோல் கூட்டில் நிச்சயமாகக் கூடாது. தோல் வியர்வையையும் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் கதவுக் கீலே என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஹூஸ்டனும் கடலுக்குப் பக்கம்தான். இரவில் கூட்டிலிருந்து எடுத்து, தோட்டாவை நீக்கி, லேசாக எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியில் பூட்ட வேண்டும். இந்த வரி ஒன்றுக்காகவே கூடும் பெட்டியும் வேறு வேறு சொல்லாக இருக்க வேண்டும்.

நாகர்கோவிலிலிருந்து

அண்ணாச்சிக்கும் டீச்சருக்கும் நன்றி. இப்படி வைத்துக்கொள்கிறேன்: ஹோல்ஸ்டர் துப்பாக்கிக்கூடு, இணைச்சொல் தடறு. முதலில் வரும் இடத்தில் மட்டும் முழுச்சொல், அப்புறம் கூடு. மேகசின் ரவைக்கூடு, ஆனால் நம் பக்கத்து வாசகர்களுக்குத் தோட்டாதான் பழக்கம், அதனால் உள்ளே இருப்பதைத் தோட்டா என்றே விடுகிறேன். துணைப்பொருள், பாகமாற்றம் இரண்டும் அத்தியாயத் தலைப்புகள். துருத்தல் அப்படியே. நீண்ட துப்பாக்கிக்குரிய பை உறை, வீட்டில் பூட்டுவது பெட்டி.

விளக்கை முதலில் முடிவு செய்யுங்கள் என்ற வரியைத் தடித்த எழுத்தில் போட்டுவிட்டேன். தலைகீழாகக் கவிழ்க்கும் சோதனைக்கு முன்னால், துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்க்கச் சொல்லும் வரியையும் சேர்த்திருக்கிறேன். பெல்ட்டை அரைக்கச்சை என்று மாற்றச் சொல்லி ஒரு நண்பர் தனியாக எழுதியிருந்தார். அதைப் பெல்ட் என்றே விடப்போகிறேன். மறுப்பு இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து