அரக்குப் புடவை டிவியில் பளீர் சிவப்பாகத் தெரிகிறது: நிறம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

வைகைக்கரை:
வணக்கம். புதிதாக 55 இன்ச் 4கே டிவி வாங்கினோம். சாதாரண எல்இடிதான், ஓஎல்இடி இல்லை. அக்கா கல்யாண வீடியோவைப் பென்டிரைவில் போட்டுப் பார்த்தால் முகூர்த்தப் புடவையின் அரக்கு பளீர் சிவப்பாக வருகிறது. மாம்பழ மஞ்சள் பார்டரில் பச்சை கலந்திருக்கிறது. எல்லார் முகத்திலும் ரோஸ் பவுடர். அம்மா பீரோவிலிருந்து புடவையை எடுத்து வந்து திரைக்குப் பக்கத்திலேயே பிடித்துக் காட்டினார். இரண்டும் வேறு வேறு புடவை என்றே சொல்லலாம். விவிட், ஸ்டாண்டர்ட், சினிமா, ஃபிலிம்மேக்கர் என்று பல மோட் இருக்கின்றன. சினிமா வைத்தால் படம் முழுக்க மஞ்சளடித்துப் போகிறது. இதில் எது சரி? கருவி எதுவும் இல்லாமல் வீட்டிலேயே கண்டுபிடிக்க வழி உண்டா?

சாம்பல்படி:
எடிட்டிங் அறைகளுக்கு மானிட்டர் அளந்து சரிசெய்து கொடுப்பது என் தொழில். முதலில் புடவையை பீரோவில் வைத்துவிடுங்கள். மண்டபத்து விளக்கு, கேமராவின் வொயிட் பேலன்ஸ் (வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறங்களைச் சமன்செய்வது), எடிட்டர் ஏற்றிய கலர் எல்லாம் தாண்டித்தான் அந்த அரக்கு உங்கள் ஃபைலுக்குள் வந்திருக்கிறது. ஃபைலில் இருப்பதை அப்படியே காட்டுவதுதான் டிவியின் வேலை. அதைச் செய்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எச்டி வீடியோவுக்கு பிடி.709 என்ற அளவு இருக்கிறது. அதில் வெள்ளை என்றால் டி65, அதாவது சுமார் 6500 கெல்வின். விவிட் மோடில் வெள்ளை இதைவிட நன்றாக நீலத்துக்குப் போய்விடும். அதோடு, இப்போதைய பேனல்கள் 709-ஐவிட அடர்ந்த சிவப்பையும் பச்சையையும் காட்டக்கூடியவை. விவிட் அந்த முழு வீச்சுக்கும் நிறத்தை இழுத்து நீட்டிவிடும். உங்கள் அரக்கு சிவப்பானதற்கும் முகங்கள் ரோஸ் ஆனதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஃபிலிம்மேக்கர் மோட் வையுங்கள். டிவி கம்பெனிகளும் சினிமா ஸ்டுடியோக்களும் சேர்ந்த யுஎச்டி அலையன்ஸ் என்ற அமைப்பு 2019-இல் அறிவித்தது அது. வெள்ளையை டி65-இல் நிறுத்தி, ஷார்ப்னஸ் ஏற்றுவது, மோஷன் ஸ்மூத்திங் (அசைவை வழவழப்பாக்குவது) போன்றவற்றை அணைத்துவிடும். மஞ்சளாகத் தெரிவது உங்கள் கண் நீல வெள்ளைக்குப் பழகியிருப்பதால். சில நாள் மாற்றாமல் பாருங்கள். அப்புறம் விவிட் பக்கம் போனால் அதுதான் நீலமாகத் தெரியும். எக்கோ மோட், அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாறும் சென்சார், காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தை மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட் மூன்றையும் அணைக்க மறக்காதீர்கள். அவை ஓடும்போது எதைச் சோதித்தாலும் அடுத்த காட்சியில் மாறிவிடும்.

இனிமேல்தான் சோதனை. நிறத்தைப் பார்க்காதீர்கள், சாம்பலைப் பாருங்கள்! டிவியை அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒரு நல்ல கறுப்பு வெள்ளைப் படத்தைப் போடுங்கள். நிழலில் பச்சையோ, முகத்தில் ரோஸோ, வானத்தில் நீலமோ தட்டுகிறதா? சாம்பல் சுத்தமாக இல்லாத திரையில் எந்த நிறமும் சரியாக இருக்காது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாகச் சேர்ந்ததுதான் அந்தச் சாம்பல். ஒன்று கூடினாலோ குறைந்தாலோ அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். பல வருடமாக இதையே செய்கிறேன்; இன்றும் எந்த அறைக்குப் போனாலும் கறுப்பிலிருந்து வெள்ளை வரை படிப்படியாகப் போகும் சாம்பல்படிகள்தான் முதலில்.

அடுத்து ஏவிஎஸ் எச்டி 709 என்ற இலவசச் சோதனைப் படங்களை இறக்கிக்கொள்ளுங்கள். 0 முதல் 255 வரையுள்ள அளவில், வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. பதினாறுக்குக் கீழே உள்ள பட்டைகள் மறைந்து, பதினேழு பதினெட்டு இருட்டில் மங்கலாகத் தெரியும் இடத்தில் பிரைட்னஸை நிறுத்துங்கள். மெனுவில் நீலம் மட்டும் காட்டும் வசதி இருந்தால் கலர் பார் என்ற நிறப்பட்டைப் படத்தைப் போட்டு, மேலே உள்ள பெரிய பட்டையும் அதன் கீழே உள்ள சின்னத் துண்டும் ஒரே வெளிச்சத்தில் சேரும்வரை கலர், டின்ட் இரண்டையும் நகர்த்துங்கள். அந்த வசதி இல்லையென்றால் இரண்டையும் கம்பெனி வைத்த இடத்திலேயே விடுங்கள்.

பாவுநூல்:
பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு விஷயம், தம்பி. நாங்கள் வீடியோ காலில் புடவை காட்டி விற்கிறோம். பாவு (நீளநூல்) ஒரு நிறம், ஊடு (குறுக்குநூல்) ஒரு நிறமாக நெய்த பட்டு மடிப்புக்கு மடிப்பு மாறும். மயில்கழுத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாங்களே இரண்டு பேர் இரண்டு நிறம் சொல்வோம். அரக்கிலும் கறுப்பு ஊடு போட்டது உண்டு, சிவப்பு ஊடு போட்டது உண்டு. மஞ்சள் பல்பில் ஒரு மாதிரி, ட்யூப்லைட்டில் ஒரு மாதிரி. அம்மா எந்த விளக்கில் பிடித்துக் காட்டினார் என்பதே பெரிய கேள்வி. ஒப்பிட்டே தீர வேண்டுமானால் ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில் புடவையைப் பாருங்கள்.

வைகைக்கரை:
சாம்பல்படி அண்ணா, மிக்க நன்றி. ஃபிலிம்மேக்கரும் சென்சார் அணைத்ததும் பெரிய வித்தியாசம். அரக்கு கீழே இறங்கிவிட்டது, முகங்களும் நன்றாக இருக்கின்றன. கறுப்பு வெள்ளைப் படத்தில் மட்டும் வெளிச்சமான இடங்களில் லேசாகப் பச்சை தெரிகிறது. பார்டரும் இன்னும் கொஞ்சம் பச்சைதான். இதே மாடல் வைத்திருக்கும் ஒருவர் வொயிட் பேலன்ஸ் எண்களைப் போட்டிருக்கிறார். அதை அப்படியே போடலாமா?

சாம்பல்படி:
வேண்டாம். ஒரே மாடலிலும் பேனலுக்குப் பேனல் வித்தியாசம் இருக்கும். அவருக்குச் சரியான எண் உங்களுக்குப் பச்சையைக் கூட்டிவிடலாம். வெளிச்சமான இடத்தில் மட்டும் பச்சை என்றால் இரண்டு புள்ளி வொயிட் பேலன்ஸில் (இருண்ட, வெளிச்சமான இரண்டு இடங்களில் மட்டும் சரிசெய்யும் மெனு) வெளிச்சமான பகுதிக்கான பச்சை கெயினை ஒவ்வொரு படியாக இறக்கி, அதே படத்தையே பாருங்கள். கண்ணால் செய்வதற்கு அதுதான் எல்லை. இருபது புள்ளி மெனுவுக்குள் கருவி இல்லாமல் போகாதீர்கள்.

கருவி என்றால் நிறத்தை அளக்கும் கலரிமீட்டர். திரையில் ஒட்டவைத்து, எச்சிஎஃப்ஆர் என்ற இலவச மென்பொருளில் அளக்கலாம். விலகலை டெல்டா ஈ என்று சொல்லும்; மூன்றுக்குள் வந்தால் படம் பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிபடாது. ஒரு டிவிக்காகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, தெரிந்த எடிட்டர் யாரிடமாவது இருக்கும்.

மாற்றுவதற்கு முன் இப்போதுள்ள எண்களைப் போட்டோ எடுத்து வையுங்கள். பல டிவிகளில் பென்டிரைவுக்கும் ஒவ்வொரு எச்டிஎம்ஐக்கும் தனித்தனியாகத்தான் பதிவாகும். எச்டிஆர் (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வீச்சில் வரும் வீடியோ) படம் ஓடும்போது வருவது இன்னொரு தொகுப்பு, அதை எச்டிஆர் ஓடவிட்டுத்தான் மாற்ற முடியும்.