தட்டு முழுக்கப் படரும் புரோட்டியஸ் பாக்டீரியா: வழி சொல்லுங்களேன்

வணக்கம். காரைக்குடியில் ஒரு சின்ன லேபில் வேலை பார்க்கிறேன். சர்க்கரைக் கால்புண் சீழ் ஒன்று வந்தது. கிராம் சாயத்தில் (பாக்டீரியாவை நிறத்தால் பிரித்துக் காட்டுவது) சிவப்புக் கோல்கள், கூடவே கொத்துக் கொத்தாக ஊதா உருண்டைகள். பிளட் அகாரில் (ரத்தம் கலந்த வளர்ப்புத் தட்டு) 37 டிகிரியில் ஓர் இரவு வைத்து எடுத்தால், அந்தக் கோல்களான புரோட்டியஸ் அலை அலையாகப் படர்ந்து, நம்ம ஊர்ச் சுவரில் முட்டைச்சாந்து பூசியது மாதிரி தட்டையே மூடியிருக்கிறது. கருவாட்டு நாற்றம் வேறு! (முகர்ந்து பார்க்கக் கூடாதுதான், மூடியைத் திறந்தாலே வருகிறது.) உருண்டைகள் அடியில் மாட்டிக்கொண்டன.

மெக்கான்கி அகாரில் (பித்த உப்பு சேர்ந்த தட்டு) படரவில்லை, சரி. ஆனால் உருண்டைகளும் முளைக்கவில்லை. அவை ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாதானா என்று கோயாகுலேஸ் (பிளாஸ்மாவை உறைய வைக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போட்டுப் பார்க்கத் தனிக் காலனி (ஒரே கிருமி பெருகிய திட்டு) வேண்டும். அகாரை 4 சதவீதமாகக் கெட்டியாக்கிப் பார்த்தவர்கள் உண்டா? இல்லை, சிஎல்இடி (உப்பு குறைவாக இருப்பதால் புரோட்டியஸ் படராத தட்டு) போதுமா? சிஎல்இடி பொடி மதுரையில் சின்ன டப்பாவாகக் கிடைத்தாலும் சொல்லுங்கள். இன்று சாயங்காலமே மறுபடி போட வேண்டும்.